வல்லொற்றின் மௌனம்

(வட்டத்தின் பத்தாமாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி மேடையேறினால் சங்கப் பாடலையோ காப்பிய நயத்தையோ எடுத்துப் பேசுவாள் என எதிர்பார்ப்பது இயல்பே. அழைப்பிதழில் 'பேசும் எந்திரம்' என்னும் தலைப்பைக் கண்ட மூத்த கவிஞர் ஒருவர், "அம்மா, இது பொறியியல் கல்லூரியில் பேச வேண்டிய பொருளாயிற்றே?" என்று வாயிலிலேயே கேட்டுவிட்டார். எழுத்து எவ்வாறு ஒலியாகிறது என்னும் வினா பொறியாளரிடம் வந்து சேர்ந்தது நேற்று. நமக்கோ அது தொல்காப்பியர் காலத்து வினா. அந்த உரிமையோடு தொடங்குகிறேன்.

பழைய வீட்டுக் கணினிகளைப் பேணிக் காக்கும் ஆர்வலர் மன்றங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல உள்ளன. 1980களில் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பயன்படுத்திய கமடோர், ஸ்பெக்ட்ரம், ஆட்டாரி, பி.பி.சி. மைக்ரோ முதலிய கணினிகளைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டி, அறுந்த கம்பிகளைப் பற்றவைத்து, மீண்டும் ஓடவிட்டு மகிழ்பவர்கள் இவர்கள். ஒருவர் தாம் செப்பனிட்டதை மேசைமேல் வைத்துக் காட்டுவார். மற்றவர்கள் சுற்றிநின்று வியப்பர், குறையும் சொல்வர். நம் கவியரங்கு நடைபெறும் முறையும் ஏறத்தாழ இதுவே என்பதால் எனக்கு அவர்கள்மீது ஒரு பாசம் உண்டு. அக்கூட்டங்களில் அனைவரையும் ஒரு மேசையருகே ஈர்க்கும் காட்சி, கணினியைப் பேச வைப்பதுதான். குரல் கரகரக்கும்; மூக்கடைத்தாற்போல் இருக்கும்; பாதிச் சொற்கள் விளங்கா. ஆயினும் ஒரு பெட்டி வாய் திறந்து சொல்லொன்றைச் சொல்லக் கேட்கையில் எவர்க்கும் மெய்சிலிர்க்கிறது.

இந்த வேட்கை பழையது. ஹங்கேரி நாட்டுக் கெம்பலன் என்பார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேசும் பொறி ஒன்றை அமைத்து, 1791இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். நுரையீரலுக்குப் பதில் துருத்தி. குரல்நாளத்துக்குப் பதில் ஒரு நாக்குத்தகடு. வாய்க்குப் பதில் கையால் மூடித் திறக்கும் ஒரு குழிவு. தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவர்க்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. உந்தியில் எழும் காற்று மிடற்றிலும் நெஞ்சிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு இயைந்து எழுத்தாகிறது என்று பிறப்பியல் வரையும் படத்தைத் தச்சன் ஒருவன் கையில் கொடுத்தால் அவன் செய்து தருவது ஏறத்தாழக் கெம்பலனின் பொறியாகவே இருக்கும். 1939இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் 'வோடர்' என்னும் மின்பொறியைப் பயிற்சி பெற்ற பெண்கள் விசைப்பலகையாலும் கால்மிதியாலும் இயக்கிப் பேச வைத்தனர். வீணை கற்பது போல அதனையும் நெடுநாள் கற்க வேண்டியிருந்ததாம்.

வீட்டுக் கணினிக்கு வருவோம். அதனைப் பேச வைக்க இரு வழிகள் இருந்தன. மனிதர் ஒருவர் பேசிய சொற்களைச் சுருக்கிச் சேமித்து, வேண்டும்போது ஒலிக்கச் செய்வது ஒரு வழி. பி.பி.சி. மைக்ரோ கணினிக்கான பேச்சுத் துணைக்கருவியில் செய்தி வாசிப்பாளர் கென்னத் கெண்டலின் குரல் அவ்வாறு அடைக்கப்பட்டிருந்தது. குரல் இனிது, ஆனால் சேமித்த சொற்களுக்கு அப்பால் அது ஊமை. மற்றொரு வழி, சொற்களை விட்டுவிட்டு ஒலிகளை மட்டும் தந்து, எழுத்தைக் கண்டு ஒலியைக் கூட்டும் விதிகளையும் எழுதி வைப்பது. முன்னது மனப்பாடம், பின்னது இலக்கணம். என் ஈடுபாடு எதன்பால் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இரண்டாம் வழியில் வந்தவற்றுள் 1982இல் வெளியான 'சாம்' என்னும் மென்பொருள் பெயர் பெற்றது. 'மென்பொருளாலான தானியங்கி வாய்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அப்பெயர். மார்க் பார்ட்டன் எழுதியது. 1984இல் மெக்கின்டாஷ் கணினி அறிமுக மேடையில் பேசியதும் இதன் வழிவந்த குரலே. சாமைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றுண்டு. ஆட்டாரி கணினியில் அது பேசத் தொடங்கும்போது திரை அணைந்துவிடும். படத்தைக் காட்டிக்கொண்டே காலந்தவறாமல் ஒலியெழுப்ப அச்சிறு கணினியின் மூளைக்கு இயலாது. திரையை அணைக்காவிட்டால் பேச்சு சிதைந்துபோகும். ஆகவே பேசும் பொழுதெல்லாம் அது கண்ணை மூடிக்கொள்ளும். ஆலாபனையில் கண்மூடும் பாடகர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு மிக நெருங்கிய கருவிக்கு வருகிறேன். ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் 'எஸ்.பி. 0256–ஏ.எல்.2' என்னும் சில்லு, 1980களில் கடையில் வாங்கிக் கையால் இணைத்துக்கொள்ளும் விலையில் ஆர்வலர்களுக்குக் கிடைத்தது. ஸ்பெக்ட்ரம் கணினிக்கான பேச்சுக்கருவியிலும் இதுவே இருந்தது. இச்சில்லினுள் 64 இடங்கள். 59 இடங்களில் ஆங்கிலத்தின் மாற்றொலிகள். எஞ்சிய ஐந்து இடங்களில் இருப்பவை என்ன என்று எண்ணுகிறீர்கள்? மௌனங்கள். ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் 10 கூறு, 30 கூறு, 50 கூறு, 100 கூறு, 200 கூறு என அளவிட்ட ஐந்து மௌனங்கள். நீண்டவை இரண்டும் தொடருக்கும் தொடருக்கும் இடையில் வைப்பதற்கு. குறுகியவை எதற்கு? ஒரு சொல்லின் உள்ளேயே, வல்லொலி வெடிப்பதற்கு முன் வைப்பதற்கு. அவற்றுள்ளும் மெலிந்து அதிர்ந்து வரும் வல்லொலிக்குமுன் மிகச் சிறிய மௌனம். அதிர்வற்ற வன்மையான ஒலிக்குமுன் அதனினும் நெடிய மௌனம். அம்மௌனத்தை வைக்காவிட்டால் வல்லினம் வல்லினமாகக் காதில் விழாது.

இதனைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு 'பாடு', 'பாட்டு' என்று மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். 'பாட்டு' என்பதில் 'ட்' என்னும் ஒற்றுக்கு உரிய நேரத்தில் என்ன ஒலிக்கிறது? ஒன்றும் ஒலிப்பதில்லை. நா அண்ணத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. காற்று உள்ளே தேங்குகிறது. அதன்பின் 'டு' வெடிக்கிறது. மெய்க்கு அரை மாத்திரை என்றும், மாத்திரையாவது கண்ணிமைக்கும் அல்லது கைந்நொடிக்கும் நேரம் என்றும் இலக்கணத்தில் நெட்டுருச் செய்தோம். அந்த அரை மாத்திரை, வல்லொற்றைப் பொறுத்தமட்டில், பேசாதிருப்பதன் அளவு. 'அகம்', 'அக்கம்', 'எடு', 'எட்டு' என எதனை எடுத்தாலும் இதுவே கதை. மெல்லொற்று மூக்கில் முழங்கும்; இடையொற்று வழுகிச் செல்லும்; வல்லொற்று ஒன்றே வாய்மூடி நிற்கும். சந்தப் பாக்களில் வல்லொற்று அடுக்கிவரும்போது நாம் உணரும் விசை, ஒலியின் விசை என்றே எண்ணியிருந்தோம். பாதிக்குமேல் அது அடைபட்ட மௌனத்தின் விசை. வண்ணம் பாடும் கவிஞர்கள் இதனை நாவால் அறிவார்கள். சில்லு செய்த பொறியாளர் அதற்கு எண் கொடுத்தார்.

அச்சில்லுக்குத் தமிழ் வருமா என்று தாளில் எழுதிப் பார்த்தேன். அதன் 59 ஒலிகளைக் கொண்டு நம் மொழியின் பெயரையே கூட்ட முயன்றேன். தகரத்துக்கு ஆங்கிலத்தின் பல்லிடை ஒலி ஓரளவு கைகொடுக்கும். மகரம் உண்டு. டகர, ணகர, ளகரங்கள் இல்லை. ழகரம்? அங்குதான் ஒரு வேடிக்கை. அமெரிக்கர் நா மடித்து ஒலிக்கும் ரகரம் நம் ழகரத்துக்கு மிக அண்மையது. அதனை இட்டால், நம் மேடைகளில் 'தமிளர்களே' என்று முழங்கும் சொற்பொழிவாளர் சிலரைவிட அச்சில்லு தமிழின் பெயரைச் செம்மையாகவே சொல்லக்கூடும்.

இந்தப் பழங்கருவிகளுக்கும் நம் மண்ணூருக்கும் என்ன தொடர்பு? உண்டு. பி.பி.சி. மைக்ரோவைச் செய்தது கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் நிறுவனம். 1984–85இல் நடுவணரசு பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கியபோது முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்கு வந்தவை அக்கணினிகளே. அதே நிறுவனத்தில் 1985இல் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த 'ஆர்ம்' என்னும் செயலியின் வழிவந்தவையே இன்று கைப்பேசிகளின் மூளை. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையிலும், இன்று சுங்குவார்சத்திரம் வரை பரந்து நிற்கும் ஆலைகளிலும் நம் வீட்டுப் பெண்கள் இரவுப்பணி முடிந்து பேருந்தில் திரும்புகிறார்களே, அவர்கள் கை பட்டு வெளிவந்த கருவிகளுள் இருப்பதும் அதன் வழித்தோன்றலே.

இரண்டாவது கிளை இன்னும் நெருக்கமானது. 1995இல் ஜானதன் டடிங்டன் என்னும் ஆங்கிலேயர் தம் ஏக்கார்ன் கணினிக்காகப் பேச்சு மென்பொருள் ஒன்றை எழுதினார். 2006 அளவில் அது 'ஈஸ்பீக்' என்னும் பெயரில், எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திக்கொள்ளத்தக்க மென்பொருளாகப் புதுவடிவம் பெற்றது. பல மொழிகளைப் பேசும் அது பின்னர்த் தமிழும் கற்றது. கண்பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்னும் இலவசத் திரைவாசிப்பான் இக்குரலைத் தன்னுள் கொண்டிருக்கிறது. ஆர்வலர் ஒருவரின் வீட்டுக் கணினியில் பிறந்த கரகரப்புக் குரலால் இன்று தமிழகத்துப் பார்வையற்ற மாணவர்கள் தமிழ் படிக்கிறார்கள். நம் நாட்டிலும் இம்முயற்சி நடந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. இராமகிருஷ்ணன் குழுவினர் அமைத்த தமிழ்ப் பேச்சு மென்பொருள் 2001இல் தமிழ் இணைய மாநாட்டில் அறிமுகமாயிற்று. அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'திருக்குறள்'. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில் இந்திய மொழிகள் பலவற்றுக்குப் பேச்சு உருவாயிற்று. இவை மனிதக் குரலுக்கு நெருங்கியவை.

ஈஸ்பீக்கின் அமைப்பு தமிழாசிரியர்க்கு உவகை தருவது. மொழிக்கு இரு கோப்புகள். ஒன்றில் விதிகள், மற்றொன்றில் விதிக்கு அடங்காத சொற்களின் பட்டியல். நாம் நூற்பா என்றும் புறனடை என்றும் சொல்வதுதான். ககரம் சொல்முதலிலும் இரட்டித்த இடத்திலும் வன்மையாக ஒலிக்கும். மெல்லெழுத்தை அடுத்தால் மெலியும். உயிரிடையே வந்தால் மூச்சாகக் கரையும். பிறந்தது முதல் அறிந்தும் எழுதிவைக்காத இவ்வேறுபாட்டை எந்திரத்துக்கு எழுதித் தந்தாக வேண்டும். குற்றியலுகரமோ முன்பே எழுதித் தரப்பட்டது. தனிக்குறிலை அடுத்த 'பசு', 'நடு' ஆகியவற்றில் உகரம் முழுமையாக ஒலிக்கும்; 'காசு', 'வரகு', 'பாட்டு' என்பவற்றில் குறுகும். எழுத்தை எண்ணிப் பார்த்தே முடிவுசெய்யத்தக்க இவ்விதியை, நிரல் எழுதுவோர் கையில் தருவதற்கென்றே இலக்கண ஆசிரியர்கள் யாத்துவைத்தது போலிருக்கிறது. இடர்ப்பாடு வேற்றுச் சொற்களில்தான். விதிப்படி போனால் 'காந்தி'யின் முதலெழுத்து 'கால்' என்பதன் முதலெழுத்தாகவும், 'பாரதி'யின் முதலெழுத்து 'பால்' என்பதன் முதலெழுத்தாகவும் ஒலிக்கும். மகாகவியைப் புறனடைப் பட்டியலில் சேர்த்தாலன்றி அவர் பெயர் சரியாக வாராது. (அவர் புறனடையில் இருப்பதே பொருத்தம் என்பார் கருத்து எனக்கும் உடன்பாடே.)

இப்போது கவிஞர்களாகிய உங்களிடம் நேராகப் பேசுகிறேன். எங்கள் துறையில் பார்வையற்ற மாணவி ஒருவர் முதுகலை பயில்கிறார். நாம் பேசும் வேகத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் எந்திரக் குரலைக் கேட்பார். அருகிலிருப்பவர்க்கு ஒரு சொல்லும் பிடிபடாது. மனிதக் குரலை ஒத்த புதிய மென்பொருளை நிறுவித் தரலாமே என்றேன். "வேண்டாம் அம்மா. அந்தக் குரல் எனக்காகப் பாவம் சேர்த்துப் படிக்கிறது. இந்தக் குரல் எழுத்தை மட்டும் சொல்கிறது. பாவத்தை நான் சேர்த்துக்கொள்வேன்" என்றார். இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கும் மேலான குரல்கள் வந்த பின்னும் தம் பழைய எந்திரக் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. குரலின் செயற்கையைக் குறை கூறுவோர் பெரும்பாலும் அதனை நம்பி வாழாதவர்கள்.

அம்மாணவி நம் கவிதைகளைக் கேட்கும்போது நிகழ்வது என்ன? 'வேலை கொடு' என்றால் பணி கேட்பது. 'வேலைக் கொடு' என்றால் முருகன் கை வேலைக் கேட்பது. இடையே நிற்பது ஒரு ககர ஒற்று. அதாவது ஒரு மௌனம். நாம் ஒற்றை விட்டு எழுதினாலும் கண்ணால் படிப்பவர் முன்பின் பார்த்துத் திருத்திக்கொண்டு போய்விடுகிறார். காதால் படிப்பவர்க்கு எழுதியதே வந்து சேர்கிறது. சந்திப்பிழையைச் சிறு பிழை என்று சொல்பவர்கள் இக்காதை எண்ணிப் பார்த்ததில்லை. மேற்கோளுக்காகச் சொல்லவில்லை, சென்ற பருவத்தில் என் மாணவர் கட்டுரைகள் சிலவற்றை எந்திரத்தில் கேட்டபின் என் சிவப்பு மை இன்னும் கடுமையாயிற்று.

மரபுக் கவிஞர்க்கு வேறொன்று. சீர் பிரித்து அச்சிடும் வழக்கத்தால் 'வந்தது அறியேன்' என்பது 'வந்த தறியேன்' என இரு துண்டாகிறது. எந்திரம் அத்துண்டுகளையே சொற்களாகக் கொள்ளும். அறியாமையைச் சொன்ன கவிஞர் காதில் நெசவுத்தறியை வைத்துவிட்டுப் போகிறார். சீர் பிரித்த வடிவத்தோடு சொல் பிரித்த வடிவத்தையும் தருவது உரையாசிரியர்க்குப் பழகிய செயலே. அதனை விடாது செய்தல் வேண்டும். புதுக்கவிஞர்க்கு இடர் வேறு விதமானது. நீங்கள் நிறுத்தக்குறிகளை நீக்கிவிட்டு வரிமுறிவை நம்பி எழுதுகிறீர்கள். குறியில்லாத வரியிறுதியில் பல எந்திரங்கள் நிற்பதேயில்லை. நீங்கள் வைத்த மௌனம் காணாமற் போகிறது. அம்மாணவி இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார். கவிதையென்றால் தொடர்ந்து படிக்க விடாமல் விசையை அழுத்தி ஒவ்வொரு வரியாகக் கேட்பார். "வரி முடிகிற இடம் என் விரலில் இருக்கிறது அம்மா" என்றார். யாப்பருங்கலக் காரிகை நடத்தும்போது அடி என்பதை விளக்க இதைவிட நல்ல தொடர் எனக்குக் கிட்டியதில்லை.

ஆனால் விரலில் வரி தங்க வேண்டுமாயின் கோப்பில் எழுத்து இருக்க வேண்டும். அவர் நம் வட்டத்தின் முந்தைய கவிதைத் தொகுப்பைக் கேட்டார், மின்வடிவை அனுப்பிவைத்தேன். பக்கங்கள் படமாக இருந்தமையால் எந்திரம் பேசவேயில்லை. அச்சகத்திலிருந்து தட்டச்சுக் கோப்பைப் பெற்று அனுப்பினேன். அது பழைய எழுத்துருவில் அமைந்தது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல். முதற் கவிதை முழுவதையும் ஆங்கில எழுத்துகளாக ஒப்பித்ததாம். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடமுண்டு. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இன்னும் நாம் அழகிய எழுத்துருவுக்காகப் பழைய முறையைப் பற்றிக்கொண்டிருக்கிறோம்.

இராமாநுசர் பிறந்த திருப்பெரும்புதூர் இங்கிருந்து கூப்பிடு தொலைவு. ஒருவர் காதில் மட்டும் ஓதுக என்று பெற்றதைத் திருக்கோட்டியூரில் ஏறி நின்று ஊரறியச் சொன்னார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அத்துணைப் பெருஞ்செயல் நம்மிடம் எவரும் கேட்கவில்லை. கிழக்கே சென்னைச் சாலையில் பூவிருந்தவல்லி. அங்கே பார்வையற்றோர்க்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. நம் மலரை அச்சிட்டு முக்கிய விருந்தினர்க்கு வழங்கும் நாளில், அதன் எழுத்துக் கோப்பையும் அப்பள்ளிக்கு அனுப்பலாம் என்பதே என் வேண்டுகோள்.

அதற்காகச் செய்ய வேண்டியவை சில. மலருக்குப் படைப்பு தருவோர் ஒருங்குறியிலேயே தருக. கையெழுத்தில் தருவோர் படைப்புகளை என் மாணவியர் இருவர் தட்டச்சு செய்ய இசைந்திருக்கின்றனர். வெண்பா, விருத்தம் எழுதுவோர் சொல் பிரித்த வடிவத்தை அடியில் இணைக்க. புதுக்கவிஞர்கள் ஒவ்வொரு வரியையும் தனி வரியாகவே தட்டச்சு செய்க. இடைவெளி விசையைத் தட்டி வரியை நகர்த்த வேண்டாம். மெய்ப்புத் திருத்தும்போது ஒரு முறை கண்ணாலும், ஒரு முறை இந்தக் கரகரத்த குரலில் காதாலும் பார்க்கலாம். வல்லொற்று மிகுமிடம் பார்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். படைப்புகள் தை மாத இறுதிக்குள் செயலாளர் கைக்கு வந்துவிட்டால் நேரம் போதும்.